கதிரையில் இருந்து வாசித்த குடும்பம்

கொழும்பில் தமிழ் நாடகம் எழுதுகிறவருக்குப் பார்வையாளர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர்கள்தான். இந்தத் தொழிலின் முதல் கஷ்டமே அதுதான். தொழில் என்று சொல்வதும் ஒரு பெருமைக்குத்தான். வயிற்றுப்பாட்டுக்கு நான் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு எழுதுகிறேன். காட்சி, ஒளி, உடுப்பு எதற்கும் வசதியில்லாததால் நாங்கள் பெரும்பாலும் செய்வது நாடக வாசிப்பு. நடிகர்கள் வரிசையாகக் கதிரைகளில் இருந்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். மிச்சத்தை வந்தவர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

போன வருஷம் வாசித்தது என் சொந்த வீட்டுக் கதை. அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, தங்கச்சி. தங்கச்சி தன்னோடு வேலை செய்த சிங்களப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள். மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம் வீட்டுக்கு வருகிறாள். அப்பா சொல்ல, அண்ணா கேற்றைப் பூட்டி அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அந்த அக்கா நான். உங்களில் யாராவது வீட்டில் நடந்ததை எழுதி, அதை வீட்டுக்காரருக்கு முன்னால் வைத்திருந்தால் இனி வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

மண்டபக்காரர்

முதலில் மண்டபம். நாங்கள் கேட்டது கலியாணமும் சாமத்தியச் சடங்கும் நடக்கும் ஒரு மாடி மண்டபம். பொறுப்பாளர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டார். சாப்பாடு இல்லை, பிளேன்ரீயும் பற்றிஸும்தான் என்றேன். மேடை அலங்காரம்? இல்லை. பாட்டு? இல்லை. மேக்கப் அறை? தேவையில்லை. நாலு மைக்கும் ஏழு கதிரையும் காணும் என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். நாடக வாசிப்பு என்றால் என்ன என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "ஒருத்தரும் எழும்பமாட்டினம், நடிக்கமாட்டினம், பாத்து வாசிப்பினம் எண்டால் அதை எல்லாருக்கும் வட்ஸ்அப்பில அனுப்பிவிடலாமே பிள்ளை? எங்களுக்கு ஏசி போடுற வேலையும் மிச்சம்."

அப்பாவின் வசனம்

அப்பாவாக வாசிக்க நடராசா அண்ணை ஒப்புக்கொண்டார். எழுபது வயது, ஓய்வுபெற்ற பொறியியலாளர், கிருலப்பனையில் தனியாக இருக்கிறார். கணீரென்ற குரல். ஒத்திகைக்கு எல்லோருக்கும் முதலே வந்து முன்வரிசைக் கதிரையைத் துடைத்துவிட்டு இருப்பார். மூன்று ஒத்திகை நன்றாகவே போனது, ஒரு வசனத்தைத் தவிர. "எனக்கு இப்படி ஒரு மகள் பிறக்கேல்லை" என்று அப்பா சொல்ல வேண்டிய இடம். அதில் வரும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது. அல்லது பக்கம் மாறிப் புரண்டது. நாலாம் ஒத்திகையில் அந்த வரியைப் பென்சிலால் வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினார்.

எனக்குக் கோபம். நாடகமே அந்த வசனத்தில்தான் நிற்கிறது என்றேன். எங்கள் அப்பா சொன்ன வார்த்தை, எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன், அதை வெட்ட நீங்கள் யார் என்றும் கேட்டுவிட்டேன். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் வெளியே போய்விட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்கு லண்டனில் ஒரு மகன் இருப்பது எங்களுக்குத் தெரியும். மகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "பிள்ளை, இந்த வசனத்தை நான் வீட்டில ஒருக்காச் சொல்லிப்போட்டன். இன்னொருக்காச் சொல்ல என்னால ஏலாது."

யாழ்ப்பாணத்து அம்மா

அம்மாவாக வாசித்தவர் ஃபரீனா டீச்சர். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்மணி, முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவர். எங்கள் குழுவில் அவரைவிட நன்றாக வாசிக்க ஆள் கிடையாது. ஆனால் குழுவில் இரண்டு பேருக்குக் குறை. பிரதியில் எழுதியபடி யாழ்ப்பாணத் தமிழில்தான் அவர் வாசித்தார். இருந்தும் எங்கேயோ முஸ்லிம் வீட்டு "உம்மா வாசம்" அடிக்கிறதாம். அதை அவர்கள் அவருக்குப் பின்னால் சொல்லவில்லை. நேரேயே சொன்னார்கள், பகிடியாக, சிரித்துக்கொண்டு.

நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நாடகத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது, சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டிலும் எனக்கு இதே பழக்கம்தான். டீச்சர் பிரதியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டினார். பிறகு அவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தன் சொந்தத் தமிழில் கேட்டார்: "ஏன் மிஸ், இந்த அம்மா நாடகம் முழுக்க 'சாப்பிட வாங்கோ', 'தேத்தண்ணி ஆறுது', இத உட்டா ஒண்டும் பேசல்லயே. புள்ள கேற்றடியில நிக்கக்கொள்ளயும் பேசல்ல. பேசாத பொம்புளக்கி எந்த ஊர்ப் பாஷ வேணும்?"

கேள்வி நேரம்

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. அறுபது கதிரை போட்டோம், ஐம்பது நிரம்பியது. அதில் முப்பது பேர் எங்கள் ஆட்கள். நடராசா அண்ணை அந்த ஒரு வசனத்தை வாசிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் பிரதியை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மண்டபத்தில் ஏசிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்ததை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

முடிந்ததும் கேள்வி நேரம் வைத்தோம். இனி யாரும் வைக்காதீர்கள். ஒருவர் எழும்பி, பதிவுத் திருமணத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்று சட்டம் விளக்கினார். இன்னொருவர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் நாடகத்தின் கருத்து என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எங்களுக்கு மாமி, மைக்கை வாங்கி இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மாமியாவது விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெடியன் படிச்சவனோ இல்லையோ எண்டு ஓரிடத்திலயும் வரேல்லையே?"

வத்தளையிலிருந்து வந்தவள்

தங்கச்சி சுமதிக்கு நான்தான் செய்தி அனுப்பியிருந்தேன். பதினைந்து வருஷமாக அவளோடு கதையில்லை. அப்பாவின் செத்தவீட்டன்று மலர்ச்சாலைக்கு வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரும் பக்கத்தில் போவதற்கு முதல் போய்விட்டாள். நாடகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். வத்தளையிலிருந்து பஸ் ஏறி, பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில்தான் இருந்தாள்.

எல்லோரும் பற்றிஸுக்குப் போன பிறகு நான் அவளிடம் போனேன். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தாயிடம் சிங்களத்தில், நாடகத்தில் வந்த தங்கச்சி நீங்களா என்று கேட்டாள். சுமதி தலையாட்டினாள். அப்படியென்றால் கேற்றைப் பூட்டியது மாமாவா என்று அடுத்த கேள்வி. சுமதி என் முகத்தைப் பார்த்தாள்.

உங்களுக்கு நான் இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அப்பா உள்ளே ரி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மேல் ஜன்னலால் அவள் வருவதைக் கண்டது நான். எனக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த நாள் வருவதாக இருந்தது. நான் கீழே இறங்கி, கேற்றில் ஆமைப் பூட்டைப் போட்டு, "அப்பா இல்லை, பிறகு வா" என்றேன். என்னை யாரும் பூட்டச் சொல்லவில்லை. அவள் என் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை, அது வேறு கதை. எழுதும்போது பூட்டை அண்ணாவின் கையில் கொடுத்தேன். கட்டளையை அப்பாவின் வாயில் வைத்தேன். நாடகத்துக்கு அப்படித்தான் பலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுமதி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். குரல் உயரவில்லை. "அண்ணா அண்டைக்குக் கண்டியில, அக்கா. பதினைஞ்சு வருசம் கழிச்சு என்னைக் கூப்பிட்டு இருத்தி வைச்சுப் பொய் சொல்லுறாய்."

மெல்பேர்னிலிருந்து

யாரோ நல்ல மனிதர் கேற்றடிக் காட்சியைப் போனில் பிடித்து, அண்ணா இருக்கும் மெல்பேர்னுக்கு அனுப்பியிருக்கிறார். அடுத்த நாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அண்ணா போன் எடுத்தார். தங்கச்சிக்குக் கேற்றைப் பூட்டியது நீயா என்று அங்கே எல்லாரும் கேட்கிறார்களாம், அண்ணிகூடக் கேட்டாராம். அது நாடகம், நீங்கள் இல்லை என்றேன். அப்படியென்றால் அந்தப் பாத்திரத்துக்குத் தன் வயதும் தன் வேலையும் தன் மூக்குக்கண்ணாடியும் எதற்கு என்றார்.

அண்ணா கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "நீ பூட்டினதெண்டு எனக்கு அப்பவே தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுக்கு நீ எனக்குச் செய்த கைம்மாறு இது."

அம்மா கேட்டது

அம்மா என்னோடுதான் இருக்கிறார். முழங்கால் நோ என்று வாசிப்புக்கு வரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. நாடகம் எப்படி என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, சுமதி வந்திருந்தாள் என்று நானாகவே சொன்னேன். மகளும் வந்தாள், உயரமான பிள்ளை, உங்கள் நெற்றி என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. அழுவார் என்று காத்திருந்தேன். பேர்த்தியின் பெயரைக் கேட்பார் என்று காத்திருந்தேன். சுமதியின் முகத்தை அவர் செத்தவீட்டில் கண்டதுதான், அதுவும் தூரத்தில். கேட்பதற்கு எத்தனையோ இருந்தன. அம்மா மெல்லக் கேட்டார்: "சுமதி பொட்டு வைச்சிருந்தவளோ?"

கொட்டாஞ்சேனையில்

பிரதியைத் திருத்தினேன். அண்ணாவைக் கண்டிக்கு அனுப்பினேன். அப்பாவை ரி.வி.க்கு முன்னால் இருத்தினேன். பூட்டு அக்காவின் கைக்குப் போனது. இரண்டாம் வாசிப்புக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மண்டபம் கிடைத்தது. அக்காவாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை புதுப் பிரதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கெட்டவளாகத் தன்னால் வாசிக்க முடியாது, மாமியார் வீட்டாரும் வருகிறார்கள் என்று விலகிக்கொண்டாள். ஆகவே நானே வாசித்தேன். சுமதிக்குத் திகதியும் நேரமும் அனுப்பினேன். பதிலுக்குப் பெருவிரல் படம் ஒன்று வந்தது. அவள் வரவில்லை.

"அப்பா இல்லை, பிறகு வா" என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. நடிப்புக்கு உடைக்கவில்லை. நடராசா அண்ணை பக்கத்துக் கதிரையிலிருந்து தன் கைலேஞ்சியை நீட்டினார். சனம் நன்றாகக் கை தட்டியது. வாசலில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லா வாசிச்சீங்க மிஸ், நான் அழுதுட்டேன். ஆனா அந்த அக்கா கேரக்டர மட்டும் நம்ப முடியல. யாரும் சொல்லாம, கூடப் பிறந்தவ ஒருத்தி அப்படிச் செய்வாளா?"

இரண்டு வாசிப்புக்குப் பிறகு கண்டது இவ்வளவுதான்: நான் சொன்ன பொய்யை வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள், கேட்ட மன்னிப்பை மட்டும் ஊரார் நல்ல நடிப்பு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.