மார்கழியில் வந்த கேஸ் அடுப்பு

புது வீட்டுக்கு கேஸ் வாங்குவதா, கரண்ட் அடுப்பே போதுமா என்று போனில் கேட்டீர்கள். அடுப்பு என்றாலே அரியலூரில் நான் தனியாக இருந்த அந்த மார்கழிதான் நினைவுக்கு வருகிறது. அப்போது நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். பாதிதான் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு சிமெண்டு ஆலை வாசலில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடை மேடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். ஆலைக்குப் போகும் ரோட்டிலேயே வாடகைக்கு வீடு. ஒரே அறை, அதன் மூலையில்தான் சமையல். முதலில் நாம் நாலு பேரும் அங்கேதான் இருந்தோம். விறகிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் சமைத்துச் சமைத்து உங்கள் அம்மாவுக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. பெரம்பலூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “புகை இருக்கிற வீட்ல இவங்கள இனிமே வைக்காதீங்க” என்றார். உங்கள் மாமா வீடு பெரம்பலூரிலேயே இருந்தது, அங்கே கேஸும் இருந்தது. அம்மாவும் நீங்களும் அங்கே போனீர்கள். உங்களை அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாயிற்று. நம் வீட்டுக்குப் புகையில்லாத அடுப்பு வந்ததும் எல்லோரும் திரும்பி வருவதென்று பேச்சு.

முதலில் கரண்ட் அடுப்பு வாங்கினேன், அந்தச் சுருள் கம்பி வைத்தது. சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் பல்பே மூக்குத்தி மாதிரிதான் எரியும். கம்பி எங்கே சிவக்கிறது? அது போதாதென்று, வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே மீட்டர். “தம்பி, நீங்க அடுப்பப் போட்டா எங்க வூட்ல பேன் நிக்குது” என்றார் அவர். எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். மண்ணெண்ணெய்தான் உங்கள் அம்மாவை ஊரை விட்டே அனுப்பியது. மிச்சம் இருந்தது கேஸ். பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அதுவரைக்கும் ஒரு ஆளுக்கு என்ன, அதே மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ் போதும் என்று இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் லாரித் தூசி சோற்றில் விழும். அதனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டுதான் சமைப்பேன். கை பழக்கத்தில் நாலு பேருக்கான அரிசியை அளந்துவிட்டுப் பாதியைத் திரும்பப் பானையில் கொட்டுவேன். சாப்பிடும்போது பேச ஆள் இல்லாததால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் படுக்கிற வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாது. கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவியிருக்கிறேன்.

வார லீவுக்குப் பெரம்பலூர் வருவேன். ஒரு தடவை சின்னவளைத் தூக்கினேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அப்பா மேல லாரி வாசம்” என்றாள்.

“பின்ன, லாரியோடதான குடும்பம் நடத்துறாரு” என்றார் உங்கள் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

கேஸ் வந்தது மார்கழி பிறந்த பிறகு. கொண்டுவந்தவர் சிலிண்டரை மாட்டி, சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, “பத்த வச்சுக் காட்டிடறேன் சார்” என்றார்.

“வேணாம்ங்க. வீட்ல வந்து பால் காய்ச்சட்டும்.”

“எப்ப வராங்க?”

“தை பொறக்கட்டும்னு இருக்கோம்.”

“அதுவரைக்கும் பட்டினியா சார்?”

நான் கீழே இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தோளில் கிடந்த சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே போன் பூத்துக்குப் போய் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தக் குரலில் ரொம்ப நாளாக நான் கேட்டதில்லை. “மார்கழில குடி வரக்கூடாதுங்க. தை மொத முகூர்த்தத்துல வந்துடறோம். நான் வந்துதான் பத்த வைப்பேன், தொட்டுறாதீங்க” என்றாள்.

நான் தொடவில்லை. அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே ஒரு புதுத் துண்டைப் போர்த்தினேன். வேலை விட்டு வந்ததும் துண்டைத் தூக்கி தூசி துடைப்பேன். அது சமையல் மேடையில் பளபளவென்று இருக்கும். நான் அதன் காலடியில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம் வைப்பேன். வெளியே பனி என்று அந்த மாதம் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினேன். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பிக்கும். எதிர் வீடுகளில் வாசல் தெளிக்கும் சத்தம், பிள்ளைகளை எழுப்பும் சத்தம் எல்லாம் கேட்கும். நம் வாசலில் மட்டும் கோலம் கிடையாது. தை வந்தால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

முகூர்த்தத்தன்று எல்லோரும் வந்தீர்கள். அம்மா வலது காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க இது, வூடு பூரா மண்ணெண்ண வாட?”

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் மூக்கு அதற்கு எப்போதோ பழகிப்போயிருந்தது. உங்கள் மாமா சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுப்பாக வந்தது.

“ஏன் மச்சான், கேஸ வாங்கி கும்புடவா வச்சிருந்தீங்க?”

“நாந்தான் தொடக்கூடாதுன்னேன், வுடுண்ணே” என்றாள் உங்கள் அம்மா.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். ஜுவாலை நீலமாக எரிந்தது. பால் பொங்கியது. நீங்கள் கைதட்டினீர்கள். பாலை இறக்கி வைக்கும்போதே அவளுக்கு இளைப்பு ஆரம்பித்துவிட்டது. வாசல்படியில் உட்கார வைத்தோம். பாய், தலையணை, கொடியில் கிடந்த என் சட்டைகள், எதை எடுத்தாலும் அதே வாடை. சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டீர்கள். பஸ் ஜன்னல் வழியாக அம்மா சொன்னாள், “சுண்ணாம்பு அடிங்க. எல்லாத்தையும் தொவைங்க. பரீட்ச முடியட்டும், வந்துடறோம்.” மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மிச்சப் பாலைக் குடித்தேன். ஸ்டவ்வைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். சுண்ணாம்பு அந்த ஊரில் பஞ்சமா? இரண்டு கை அடித்தேன், பிறகும் மனசு ஆறாமல் இன்னொரு கை. தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் கொட்டினேன். வாடை போய்விட்டதா என்று என் மூக்கை நம்ப முடியவில்லை. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்வேன். “இன்னும் கொஞ்சம் இருக்குப்பா” என்பார்கள்.

அதற்குப் பிறகு கேஸில்தான் சமைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு சிலிண்டர் தீரவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சிலிண்டர் வண்டி வரும். நம் வாசலில் நிற்காது. சில நாள் சிலிண்டரை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். தீர்ந்துபோனால், குடும்பம் இருக்கிற வீடு மாதிரி நானும் போய்ப் பதிந்துவிட்டு வரலாமே என்று இருக்கும்.

அது தீர்ந்தது நீங்கள் பரீட்சை முடிந்து வந்த அன்றைக்கு. உலையில் சோறு பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிட்டது.

“ஒரு ஆளா இருந்துகிட்டு இதக்கூடப் பாத்து வைக்க மாட்டீங்களா?” என்று அம்மா கத்தினாள். மூச்சு வாங்காமல், ஒரே மூச்சில் கத்தினாள்.

இன்னும் ரெண்டு வார்த்தை திட்டமாட்டாளா என்று நின்றுகொண்டிருந்தேன்.

கேஸோ கரண்டோ, உங்களுக்கு எது தோதோ அதை வாங்குங்கள். வந்த அன்றைக்கே பற்ற வைத்துவிடுங்கள். நாங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.