வராந்தாவில் நின்ற போட்டோகிராபர்

ஓசூர் தியேட்டரில் அன்று போர்ப் படம். வருங்காலத்தில் நடக்கும் உள்நாட்டுச் சண்டையைப் படமெடுக்க ஓடும் பத்திரிகைக்காரர்களின் கதை. வெடிச் சத்தத்தில் என் கைக்குழந்தை அலற, வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலேயே பக்கத்து இருக்கைக்காரரும் வந்தார். நரைத்த தாடி, தோளில் கேமரா. அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

"எங்களால உங்களுக்கும் படம் போச்சா சார்?" என்றேன்.

"இல்லம்மா. நானும் பேப்பர் போட்டோகிராபர்தான். பெங்களூர் கலவரத்துல ஒரு புள்ள நடுரோட்டுல தனியா அழுதுச்சு. படமெடுத்துட்டு ஓடியாந்துட்டேன். மறுநாள் முதல் பக்கத்துல வந்துச்சு."

"அந்தப் புள்ள?"

"தெரியலம்மா."

யாரிடமும் குழந்தையைத் தராத நான், என்ன நினைத்தேனோ, "கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா சார்?" என்று நீட்டினேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே வெடிச் சத்தம் ஓயும்வரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.