அமாவாசை தெரியாத ஆப்

அன்று வீட்டில் நான்கு பேர் இருந்தோம்: தறியில் என் கணவர், செல்போனோடு நானும் என் நாத்தனார் செல்வியும், மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை சொல்லத் தாமல் கிராமத்திலிருந்து வந்த அம்மா ஒருவர்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எந்தப் பட்டனைத் தொட்டாலும் பணம் போய்விடுமோ என்று பயம். ஆனாலும் ஆர்டர் எடுக்க ஓர் ஆப் வேண்டும் என்று, கோடிங் தெரியாதவர்களும் ஆப் செய்யக்கூடிய மூன்று தளங்களில் மாதிரி செய்து பார்த்தோம். பார்வைக்கு அழகான ஒன்றுக்கு, என் பேச்சைக் கேட்டுச் செல்வி பணமும் கட்டிவிட்டாள்.

அதில் அந்த அம்மாவின் ஆர்டரைப் போட்டதும், புடவை வெள்ளிக்கிழமை தயார் என்று வந்தது.

"அன்னிக்கே வாங்கிக்கினு போயி ஜாக்கெட் தைக்கக் குடுத்துடறோம்மா. திங்கக்கிழமை முகூர்த்தம்" என்றார் அந்த அம்மா.

ஆப் சொன்னதை அப்படியே நம்ப எனக்குப் பயம். காலண்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை அமாவாசை. அன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. ஆப் அதையும் வேலை நாளாக எண்ணியிருந்தது.

"இதுல லீவே வைக்க முடியல அண்ணி. ரெண்டாவதுல ஞாயித்துக்கிழமை மட்டும்தான்" என்றாள் செல்வி. மூன்றாவதில் மட்டும் நாமே நாள் பார்த்து லீவு வைக்கலாம். "ஆனா பாக்க ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது!"

"இருக்கட்டும். இதுதான் நமக்கு."

ஆர்டர் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று, "சனிக்கிழமைதாம்மா ஆவும்" என்றேன்.

அந்த அம்மா யோசித்தார். "இப்பவே சொன்னியே, அது போதும். டெய்லர் கிட்ட நான் பேசிக்கறேன்."

என் பயத்தை அன்றிலிருந்து நான் திட்டுவதில்லை. வருஷத்து அமாவாசைகளை எல்லாம் நானே அந்த ரேஷன் கடை போர்டு ஆப்பில் லீவாகக் குறித்துவிட்டேன். அழகான ஆப்புக்குக் கட்டிய பணத்தில் செல்விக்கு இன்னும் அறுநூறு ரூபாய் தரவேண்டும்.