கருத்தையா வரைந்த நிழற்குடை

திருநெல்வேலி பேட்டையில் ஒரு கிரில் பட்டறை. அங்கே கருத்தையா டிசைன் போடுகிறவர். அவர் போட்ட கோட்டை இரும்பாக்குகிற வெல்டர் நான், அகமது மீரான். பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தோம். அவரைப் பற்றி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார்கள். கூடவே இருந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஜங்ஷனிலிருந்து பட்டறைக்கு வரும்போது வழியில் இருக்கும் சுவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு கட்சிக்காரன் எழுதியிருப்பான். இன்னொருத்தன் வெள்ளையடித்து அதற்கு மேல் எழுதியிருப்பான். மழையில் வெள்ளை கரைந்து, அடியில் கிடக்கும் பழைய எழுத்து தலைகாட்டும். நமக்கு அது அசிங்கம். கருத்தையா மட்டும் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஏதோ ஓர் எழுத்தின் வளைவை அளந்துகொண்டிருப்பார்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கிராஃப் நோட்டு வெளியே வரும். அளந்துவந்த வளைவை காம்பஸால் அரைவட்டமாக்குவார். எழுத்தின் காலை முக்கோணமாக வெட்டுவார். ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி, கலர் பென்சிலால் நிரப்பி, என்னிடம் நீட்டுவார்.

"பாய், இதுல எதாச்சும் படிக்க முடியுதா?"

"ஒரு மண்ணும் படிக்க முடியல வே" என்றால் முகமெல்லாம் சிரிப்பு. ஓர் எழுத்து லேசாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் போச்சு, அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"எதுக்கு வே இந்தப் பாடு?" என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்.

"சுவத்துல இருக்கது எல்லாம் ஒண்ணு யாரையாவது ஏசுது, இல்லேன்னா யாரையாவது கும்பிடுது. யாரோடதும் இல்லாம ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே பாய்" என்றார். அன்றைக்கிருந்து அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது உண்மை.

தொண்ணூற்றாறில் அவருடைய ஊரில் பஸ்ஸுக்கு நிற்க ஒரு நிழற்குடை கட்டினார்கள். களக்காடு போகிற வழியில் இருக்கும் ஊர். பெயர் வேண்டாம். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். கட்டி முடித்த வாரமே மேலத்தெருக்காரர்கள் தங்கள் தலைவர் பெயரை எழுத, கீழத்தெருக்காரர்கள் தார் பூசினார்கள். பிறகு இவர்கள் எழுத, அவர்கள் பூசினார்கள். அந்த வருஷங்களில் எங்கள் ஜில்லா இருந்த இருப்பில், ஒரு டப்பா தார் போதும், ஊர் பற்றி எரிய. பயந்துபோன பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பெயரே வேண்டாம், படம் வரையலாம் என்று முடிவு செய்தார்கள். "கருத்தையாட்ட விடுவோம், அவன் வரையுததுதான் ஒருத்தனுக்கும் புரியாதே" என்று யாரோ சொன்னாராம். கிண்டல்தான். அதைப் பெரிய பட்டமாக எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார் கருத்தையா. நானும் போய் ஏணி பிடித்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நாலு ஞாயிற்றுக்கிழமை வரைந்தார். எந்த நிறமும் இன்னொன்றைவிட அதிகம் வந்துவிடக் கூடாது என்று, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக எண்ணி, எல்லாவற்றையும் சரிசமமாகப் பங்கு வைத்தார். அவர் தங்கை சுடலைவடிவு, சுற்றிய பீடியைக் கம்பெனியில் போட தினமும் அங்கிருந்துதான் பஸ் ஏறுவாள். அண்ணன் வரைவதைப் பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பாள். அப்படி ஒரு சுவரை நான் திருநெல்வேலியில் எங்கேயும் பார்த்ததில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

முடித்த மூன்றாம் நாள், பஸ்ஸுக்குக் காத்திருந்த மேலத்தெரு ஆள் ஒருவர் வலது மூலையையே உற்றுப் பார்த்தார். இரண்டு முக்கோணம் மேலும் கீழுமாக இருந்தன. எந்த நிறம் என்று எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் எவனாவது கிளம்பி வருவான். "எங்க கொடி மேல அவனுவ கொடிய ஏத்தி வச்சிருக்கான் பாருங்க" என்றார் அவர். கருத்தையா கீழத்தெருக்காரர். வேறென்ன வேண்டும்? எல்லாவற்றையும் சமமாக அளந்த மனுஷன், எங்கள் ஊர்ப்பக்கம் எது மேலே எது கீழே என்றுதான் முதலில் பார்ப்பார்கள் என்பதை மறந்துவிட்டார். பிறந்ததிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்ததில்லை. அப்படியும் மறந்துவிட்டார்.

அன்று மத்தியானமே கல் பறந்தது. பீடிக்கட்டோடு நின்ற சுடலைவடிவுக்கு இடது கண் போயிற்று.

இரண்டு தெருவிலுமாகப் பதினொரு பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சமாதானக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: தப்பு படம் வரைந்தவனுடையது. இரண்டு கொடிகளையும் வேண்டுமென்றே மேலும் கீழுமாக வரைந்தேன், மன்னிக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் வழக்கு இல்லை, பதினொரு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

"அது கொடி இல்லய்யா" என்றார் கருத்தையா.

"பின்ன என்னது வே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் இல்லய்யா."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணு போச்சு?"

மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தார். நான்காம் நாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட முகத்தோடு அவள் சொன்னாள்: "கையெழுத்தப் போட்டுரு அண்ணே. உள்ள இருக்கவனுவ அம்மைமாரு இங்கன வந்து அழுதாவ."

"நீயும் அத கொடின்னா சொல்லுத?"

"எனக்கு என்ன தெரியும்? நீ வரையயில நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சாலே பயமா இருக்கு."

அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்தப் படத்தின் மேல் அவர் கையாலேயே சுண்ணாம்பு அடிக்க வைத்தார்கள்.

பிறகு பட்டறையில் நேர்க்கம்பி டிசைன் மட்டும் போட்டார். நோட்டை எடுப்பதே இல்லை. ஒரு வருஷம் பொறுத்தேன். ஒரு நாள் கோபம் தாங்காமல், அவர் மேஜையைத் திறந்து பழைய நோட்டுகளை எடுத்து முன்னால் போட்டேன். "எவனோ எழுதுன பொய்ல நீரு கையெழுத்துப் போட்டீரு, அவ்வளவுதான். இதெல்லாம் அதுக்கு முன்னால வரஞ்சது. எடுத்துப் பாரும் வே!" என்று கத்தினேன்.

பைய ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கடைசித் தாள் வரைக்கும் பார்த்தார்.

"நானும் பொய்னுதான் நெனச்சேன் பாய்" என்றார். "இப்ப எந்தத் தாளப் பாத்தாலும் எனக்கே கொடியாத்தான் தெரியுது. எங்க கொடி மேல இருக்கா, கீழ இருக்கான்னுதான் கண்ணு தேடுது."