தனம் அக்காவின் மோட்டோவைக் குறை சொல்லாதீர்கள்

"தனம் அக்கா போயிட்டாங்க. பழைய மோட்டோதானே, பிரேக் பிடிக்கலையாம்."

வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி இப்படித்தான் வந்தது. அக்கா போய்விட்டார் என்பதற்கு அழுதேன். பிரேக் பிடிக்கவில்லை என்பதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பண்டமாரானில் குடியிருந்த தனலட்சுமி அவர்கள், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் என்னோடு பல ஆண்டுகள் பெட்டி கட்டியவர். கணவர் இறந்ததும் அவருடைய கப்சாய் மோட்டோவை, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை, விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். ராசியில்லாத வண்டியாம். "அவரு போனது சக்கரை வியாதில. மோட்டோ என்னா பண்ணுச்சி?" என்று கேட்டுவிட்டு லைசன்ஸ் எடுக்கப் போனார் அக்கா.

வண்டி அடிக்கடி மக்கர் பண்ணும். பட்டறைக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போனால், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருப்பார். ஆயுத பூசைக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன் பிரேக் ஷூவை மாற்றிவிடுவார். "சாமி வந்து பிரேக் பிடிக்காது செல்வி, நாமதான் பிடிக்கணும்" என்பார்.

ஒருமுறை தீபாவளிச் சேலைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. அக்கா பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் நின்று, "ஆன்டி, இந்த வயசுல பஸ்ல போகலாமே" என்றார். "பஸ் நிக்கிற எடத்துலேருந்து நீ என்னைத் தூக்கிட்டுப் போவியா?" என்று கேட்டார் அக்கா. வந்தவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்.

அப்படிப்பட்டவரைச் சாய்த்தது அவர் வீட்டுச் சாலை முனையில் இருந்த ஒரு குழி. எத்தனையோ தரம் நகராட்சிக்குப் போன் போட்டுச் சொன்னார். யாரும் வரவில்லை. கடைசியில் நம் ஊர் வழக்கப்படி எல்லார் கண்ணிலும் படட்டும் என்று குழிக்குள் ஒரு வாழைக்கன்றை நட்டுவைத்தார். அதற்கு உடனே ஆள் வந்தது. சாலைக் குத்தகைக்காரரின் ஆட்கள் கன்றைப் பிடுங்கி லோரியில் போட்டுக்கொண்டு போனார்கள். குழியைத் தொடவில்லை. "வாழையப் பிடுங்க ஆள் இருக்கு, குழிய மூட ஆள் இல்ல" என்றார் அக்கா. நாங்கள் சிரித்தோம்.

விபத்தன்று காலையில் நல்ல மழை. குழி இருக்கும் இடம் அக்காவுக்கு மனப்பாடம்தான். ஆனால் பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்து நெருக்கியது, ஒதுங்க வேறு இடமில்லை. சக்கரம் குழிக்குள் இறங்கிவிட்டது. எதிரே நாசி லெமாக் சோறு விற்கும் பெண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நாட்களிலேயே குழியை மூடிவிட்டார்கள்.

சாவு வீட்டில் வேலியோரம் மோட்டோ நின்றது. முன்சக்கரம் வளைந்திருந்தது. "இந்தச் சனியன இரும்புக் கடையில போட்டுடுங்கப்பா. பிரேக்கே இல்லாத வண்டி" என்று ஓர் உறவினர் சொன்னதும் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியை நிமிர்த்தி நடு ஸ்டாண்டு போட்டேன். உதைத்தேன். ஸ்டார்ட் ஆனது. கியரைப் போட்டதும் பின்சக்கரம் வேகமாகச் சுழன்றது. பிரேக்கை மிதித்தேன். சட்டென்று நின்றது.

"யாரு சொன்னது பிரேக் இல்லன்னு?" என்று கேட்டேன். அக்காவின் மகன் மட்டும் எழுந்து வந்து, "இன்னொரு தடவை காட்டுங்கக்கா" என்றார். காட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

சென்று வாருங்கள் அக்கா. உங்கள் கையிலும் பிழையில்லை, உங்கள் வண்டியிலும் பிழையில்லை. பிழை செய்தவர்கள் அதைத் தார் ஊற்றி மூடிவிட்டார்கள். உங்களை ஏற்றிய சவ வண்டிக்குப் பின்னால்தான் நாங்கள் வந்தோம். சாலை முனையில், அந்தப் புதுத் தாரின் மேல், அது குலுங்கவேயில்லை.