மெதுவாகச் சாப்பிடச் சொன்னவர்

சர்க்கரையால் என் காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்தார்கள். பாதமாவது தப்பட்டும் என்று தேனி ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார்கள். ஒல்லியான பெண், என் மகள் வயது. நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சம். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு என்று ஆரம்பித்தவர், நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, கீரை, மொச்சை, மத்தி மீன், கொஞ்சம் கடலை என்று நம் ஊருக்கு இறங்கிவந்தார். யார் வந்தாலும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்கச் சொல்லி, தன் டப்பாவைத் திறந்து கூடவே சாப்பிடுவார். ஒரு வாய் வைத்ததும் கையை மடியில் வைத்துக்கொள்வார். மென்று முடிக்கும்வரை அடுத்த வாய் எடுக்கமாட்டார்.

"ஏம்மா இம்புட்டு அவசரமா முழுங்குறீக?"

"கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போன பழக்கம் தாயி. கம்பத்துல ஜீப்புக்காரன் ஹாரன் அடிச்சா எச்சிக் கையோட ஓடணும்."

"இங்கன எந்த ஜீப்பும் வராது. மெதுவாச் சாப்பிடுங்க."

சிரித்துவிட்டேன்.

மாதக்கணக்காக அப்படியே சாப்பிட்டேன். மொச்சையில் இனிப்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் புண் ஆறவில்லை. பாதத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று அந்தச் சாப்பாட்டு அம்மா வார்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாச் சொல்லுங்க. நான் சொன்னபடி சாப்பிட்டீகளா?"

"ஒரு நாள் தப்பாமச் சாப்பிட்டேன் தாயி."

"இல்லைன்னு சொல்லியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

பாதத்தை எடுத்தாயிற்று. அவருக்காக அன்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.