மின்னலைவிட வேகமான ஆள்

நன்னிலம் ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டுவிட்டு, காவலுக்கு உட்கார்ந்து போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

காமிக்ஸ் குழுவில் விவாதம். வில்லன் ஏவிய மின்னலிலிருந்து நாயகன் விலகிவிட்டான். ஆகவே அவன் மின்னலைவிட வேகம் என்பது என் கட்சி.

"இல்லீங்க, வில்லன் கையத் தூக்குனப்பவே அவன் நகந்துட்டான்" என்று எழுதினார் ஒருவர். நான் விடுவதாக இல்லை.

பளீரென்று மின்னியது. பதறி எழுந்தால், நெல் முழுக்கத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. மனைவி ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப மூடுன?"

"மேகம் கறுத்தப்பவே. உங்களக் கூப்பிட்டேன். வேகம் வேகம்னு எதையோ டைப் பண்ணிட்டிருந்தீங்க."

நெல் தப்பியது.

குழுவில் நான் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பதிவு அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமலிருக்க எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும், யாராவது சொல்லுங்கள்.